வண்டு கண்ணாடியில் நடக்குமா?

பேரன்புள்ள ருக்கையா சித்திக்கு, ஃபெஸ் நகரிலிருந்து உங்கள் அக்கா மகள் பத்தூல் ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கு அனைவரும் நலம். டாஞ்சியரில் உங்கள் முழங்காலும் கடற்காற்றும் சமாதானமாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

மின்கையெழுத்துக் கருவி வாங்கப் போன கடையில் பெரியவர் சீ மக்கியிடம் நான் சொல்லாமல் விட்டது ஒரே வாக்கியம்: "சீ மக்கி, உங்க கை நடுங்குது."

பத்திரம் எழுதும் அதூல்கள் இருவர் சேர்ந்துதான் கையெழுத்திட வேண்டும். என் கூட்டாளி சீ மக்கி விலகினால் நான் ஒரு நிக்காஹ்கூடப் பதிய முடியாது, அலுவலகத்தைப் பூட்ட வேண்டியதுதான். இந்த நேரம் பார்த்து நீதிமன்றம் எல்லோரிடமும் மின்கையெழுத்தின் மாதிரியைக் கேட்டிருக்கிறது. அவருடைய கையெழுத்து உங்களுக்குத் தெரியும், உங்கள் திருமணப் பத்திரத்தின் அடியில் கால்களை முறுக்கிக்கொண்டு கிடக்கிறதே, அதுதான். அதூலின் கையெழுத்தை வண்டு என்று சும்மாவா சொல்கிறோம்? யாராலும் படிக்க முடியாது, யாராலும் போலியாகப் போடவும் முடியாது. "என் வண்டு கண்ணாடியில நடக்கலேன்னா நான் வீட்டுக்குப் போயிடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கடைக்கே வந்தார்.

கடைக்காரர் ஜவாத் முதலில் ஒரு சின்னக் கறுப்புப் பலகையை வைத்தார். பேனா அதில் ஓடும், கோடு எதிரே கணினியில் விழும், அதுவும் சற்றுத் தாமதமாக. சீ மக்கி பலகையைப் பார்த்தால் கோடு தெரியவில்லை, கோட்டைப் பார்த்தால் கை வழிதவறுகிறது. "ஜவாத், நான் இங்கே எழுதறேன், அங்கே எழுதறது யாரு, ஜின் பூதமா?" அடுத்து வந்தது நான் படம் வரைய நெடுநாளாக ஆசைப்பட்ட பெரிய திரை. பேனா முனைக்குக் கீழேயே கோடு பிறக்கும், அழுத்தினால் தடிக்கும், காகிதம் போலவே லேசாகச் சொரசொரக்கும். வண்டு அற்புதமாக நடந்தது. ஆனால் முடிக்கும்போது பேனாவை எடுக்காமல் ஒரு 'அல்ஹம்துலில்லாஹ்' சொல்வது அவர் வழக்கம். அந்த நிறுத்தத்தை 'திருத்திக் கொடு' என்ற கட்டளையாக எடுத்துக்கொண்ட கருவி, கால், கொம்பு எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு வழவழவென்று ஒரு நீள்வட்டத்தைக் காட்டியது.

"நான் வண்டு போட்டேன், இது முட்டை போட்டிருக்கு!"

"அழகுபடுத்துற வசதி, ஹாஜ்."

"ஏன், நான் என்ன கல்யாணப் பொண்ணா?"

ஜவாத் சிரித்துக்கொண்டே அந்த வசதியை முழுக்க அணைத்தார். சீ மக்கி மறுபடி போட்டார். இப்போது ஒவ்வொரு காலிலும் ரம்பப்பல் தெரிந்தது. ஜவாத் சிரிப்பை நிறுத்திவிட்டு, "கொஞ்சூண்டு மட்டும் வச்சுக்கலாமா, ஹாஜ்?" என்றார். நான் முந்திக்கொண்டு, "சின்னப் பலகையே போதும், மேசையில இடமில்ல" என்றேன். சின்னதில் யார் போட்டாலும் கோணல்தான், அவருடைய கோணல் தனியாகத் தெரியாது. அதையே வாங்கிக்கொண்டு வந்தோம். நான் அதை மறைத்தது மரியாதையா, என் பிழைப்பைப் பற்றிய பயமா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன், சித்தி, இரண்டையும் பிரிக்கத் தெரியவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு இது தெரிய வேண்டாம்.

சித்தப்பாவுக்கு என் ஸலாம். உங்கள் வீட்டுத் தேநீர் ஆறாமலும் விருந்தாளிகள் குறையாமலும் இருக்க அல்லாஹ் அருளட்டும்.

உங்கள் பத்தூல்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் எல்லாம் மாறிவிட்டது, மேலே கேட்டதற்குப் பதில் எழுத வேண்டாம். சீ மக்கி சின்னதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெரியதோடு வந்து நின்றார். "லல்லா பத்தூல், என் கை நடுங்குறது எனக்குத் தெரியாதா? தேநீர் கிளாஸ் தினம் சொல்லுதே. நீ மேசையில இடமில்லைன்னியே, அன்னிக்கு உன் குரலும்தான் நடுங்குச்சு." அழகுபடுத்தும் வசதியை அணைத்துவிட்டு, நடுக்கத்தோடேயே மாதிரியைப் பதிந்தார். "இனிமே நேரா போட்டவன்தான் போலி." நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. செவ்வாய்க்கிழமை ஒரு நிக்காஹ் பத்திரத்தில் அவர் கையெழுத்திட்டார், அதற்குக் கீழே நான் போட்டேன்.