இடது பக்கத்தில் உங்கள் அத்தை

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கு நான் சௌக்கியம். நீங்களும் மகளும் பேரனும் சௌக்கியம் என்று நம்புகிறேன். உங்கள் அத்தை சௌக்கியமா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. போனில் சொன்னால் சிரிப்பீர்கள்.

போன மாதம் வந்தபோது, "சும்மாதானே இருக்கீங்க மாமா" என்று சொல்லி, குடும்பத்தில் யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய விக்கிப் பக்கம் ஒன்றைத் திறந்து, 'நம் வீடு' என்று தலைப்பும் வைத்து, என் தலையில் கட்டிவிட்டுப் போனீர்களே, நன்றாக இருங்கள்! முப்பத்தொரு வருடம் பண்டகசாலையில் இருப்பு எழுதியவன் நான். ஜன்னல், கதவு, பூட்டு, சாவி, யாருக்கு எந்த மாத்திரை என்பதுவரை ஒன்றுவிடாமல் ஏற்றினேன். திருத்தங்களைப் பார்க்க நீங்கள் காட்டிய இரண்டு வழிகளையும் பழகிக்கொண்டேன். பழையது இடப்பக்கம், புதியது வலப்பக்கம் என இரண்டு பத்தியாகப் பார்க்கலாம். ஒரே பத்தியாகவும் பார்க்கலாம். அதில் போனதன்மேல் சிவப்புக் கோடு, வந்தது பச்சை. எனக்கு இரண்டு பத்திதான் பிடித்தது.

செவ்வாய்க்கிழமை காலை திறந்தால், இடப்பக்கம் 'மாடி அறைக்கு மூன்று ஜன்னல்', வலப்பக்கம் 'இரண்டு'. எவன் கை வைத்தான் என்று மாடிக்கு ஓடினேன். இரண்டுதான் இருந்தது மாப்பிள்ளை! சுவரைத் தட்டினேன், தடவினேன், கையில் சுண்ணாம்பு ஒட்டியதுதான் மிச்சம். உங்கள் அத்தையிடம் கேட்டால், "எப்பவும் ரெண்டுதானே? வெயில்ல சுத்தாதீங்கன்னா கேக்கறீங்களா" என்கிறாள். புதன்கிழமை சமையலறைக் கதவு நீலம் போய்ப் பச்சை. வியாழக்கிழமை நாய்க்குட்டி என்ற வரியே காணோம். "நமக்கு ஏதுங்க நாய்?" என்கிறாள். ஆறு மாசமா என் செருப்பக் கடிச்ச நாய், மாப்பிள்ளை! அந்தச் செருப்பு இப்ப புத்தம்புதுசா வாசல்ல கிடக்கு.

யார் திருத்தியது என்று பார்த்தால், எல்லாவற்றிலும் என் பெயர். சத்தியமாக நான் தொடவில்லை. போதாக்குறைக்கு, 'சிறு திருத்தம்' என்று ஒரு குறிப்பு வேறு! நாயைத் தூக்குவது சிறு திருத்தமா? பண்டகசாலையில் ஒரு திருகாணியைக் கணக்கிலிருந்து அடிப்பதற்கே காரணம் எழுதிக் கையெழுத்து வாங்குவேன் நான்.

இன்று காலை, இடப்பக்கம் 'இவ்வீட்டில் வசிப்போர்: இருவர்'. வலப்பக்கம் 'ஒருவர்'. பழைய பதிப்புக்கே மாற்றும் பொத்தானை நாற்பது தரம் அமுக்கியிருப்பேன். நாற்பது தரமும் 'ஒருவர்' என்றே வந்து நிற்கிறது. சமையலறைக்கு ஓடினேன். இருந்தாள். "என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?" என்றாள். எதிரில் நின்றுதான் பேசினாள். குரல் மட்டும் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. திரும்பி வந்து ஒரே பத்தியாப் போட்டுப் பாத்தேன். அவ பேர் மேல சிவப்புக் கோடு, மாப்பிள்ளை! அலறி அடிச்சுக்கிட்டு ரெண்டு பத்திக்கே மாத்திட்டேன். இடது பக்கத்துல இன்னும் இருக்கா. அத மூடவே மாட்டேன். குளிக்கக்கூடப் போகல. நாப்பத்திரெண்டு வருஷமா தினம் சண்டதான், ஆனா அவ இல்லாம ஒரு நாள் இருக்க எனக்குத் தெரியாது. பயமா இருக்கு. இடது பக்கத்த வலது பக்கமா ஆக்குறது எப்படின்னு உடனே எழுதுங்க.

மகளுக்கும் பேரனுக்கும் என் ஆசிகள். எல்லோரும் இருக்கிறபடியே இருங்கள். ஒரு எழுத்தும் மாறாமல் நூறாண்டு வாழுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: உறையில் போடுமுன் படித்துப் பார்த்தேன். கடிதம் முழுக்கத் தவறான தகவல்கள். எனக்குத் திருமணமே ஆகவில்லை. மகளும் மாப்பிள்ளையும் எங்கிருந்து வருவார்கள்? கையெழுத்து என்னவோ என்னுடையதுதான். விலாசம் எழுதித் தபால்தலையும் ஒட்டியாகிவிட்டதால் அனுப்புகிறேன். தாங்கள் யாராயினும் சிரமத்துக்கு மன்னிக்கவும். கணினியில் எதையோ திறந்தே போட்டிருந்தேன், மின்சாரம் வீணாகிறதே என்று மூடிவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம். வீட்டில் நான் ஒருவன்தான். அடுப்பில் ஏதோ கொதிக்கிற சத்தம் கேட்கிறது. எனக்குச் சமைக்கத் தெரியாது.