குரூப் மாறும் படலம்

"கோடு எங்கீங்க முடியுது?" என்று கேட்டுக்கொண்டே, டேப் பிடித்திருந்த ஆள் வாலிபால் வலைக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போனான்.

சர்வீஸ் போடக் கையை ஓங்கிய மாணவன் பந்தோடு அப்படியே நின்றுவிட்டான். பூபாலன் பலமாக விசில் ஊதினார். பதினேழு வருஷமாகக் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியராக இருப்பவர். அந்த விசிலுக்கு மாணவர்கள் பயப்படுவார்கள். டேப்காரன் பயப்படவில்லை.

"ஏனுங்க, பிராக்டிஸ் நடக்கறது கண்ணுக்குத் தெரியலீங்களா?"

"குடோனுக்கு அளவெடுக்கறமுங்க. சேர்மன் சொல்லலீங்களா? நீங்க பாட்டுக்கு ஆடுங்க சார், நாங்க ஓரமாத்தான் அளக்கறம்" என்றவன், டேப்பை கோர்ட்டின் நட்டநடுவில் வைத்து அழுத்தினான்.

பூபாலன் பைக்கை எடுத்துக்கொண்டு சேர்மனின் பனியன் கம்பெனிக்கு ஓடினார். சேர்மன் தரணீதரன் இவரைவிட வயதில் சின்னவர். எழுந்து நின்று கும்பிட்டார், உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். பூபாலன் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். கொங்கு நாட்டில் கழுத்தை அறுப்பதாக இருந்தாலும், "கொஞ்சம் நிமுருங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத்தான் அறுப்பார்கள்.

"இதப் பாருங்க சார்" என்று ஒரு பனியனை எடுத்து மேஜைமேல் விரித்தார் சேர்மன். "அமெரிக்காவுல ஒரு காலேஜுக்குத் தெச்சதுங்க. கையில அவிங்க ஆடற லீக் பேரு. பாதிச் சரக்குப் போறதுக்குள்ள அந்தக் காலேஜ் வேற லீக்குக்கு மாறிப்போச்சு. பழைய பேரு போட்டது வேண்டாம்னுட்டாங்க. பூராவும் இங்க தேங்கிக் கெடக்குதுங்க."

"அதுக்கு நம்ம கிரவுண்டு எதுக்குங்க?"

"இத வெக்க எடம் வேணுமுல்லீங்க? ஒம்பது வருசமா நம்ம டீம் ஒரு மேட்ச்கூட ஜெயிக்கலீங்க. நானுங் குத்தஞ் சொல்லலீங்க. இந்த வருசம் ஒண்ணே ஒண்ணு ஜெயிச்சுக் காட்டுங்க. கிரவுண்டும் இருக்கும், நீங்களும் இருப்பீங்க. இல்லீன்னா குடோன் கட்டிப்போடறனுங்க. நீங்க வேற எடம் பாத்துக்குங்க. டீ ஆறுதுங்க, குடிங்க."

நாற்பத்தெட்டு வயதில் வேறு இடமாம். பிளஸ் டூ படிக்கிற மகளை நினைத்துக்கொண்டு பூபாலன் டீயைக் குடித்தார். அதில் சர்க்கரை இருந்ததா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை.

பைக்கில் திரும்பும்போதுதான் அந்த யோசனை வந்தது. அமெரிக்காக்காரன் காலேஜே லீக் மாறுகிறது. நாம் மாறினால் என்ன?

வட்டாரக் கல்லூரிகளின் வாலிபால் லீக்கில் மூன்று குரூப்புகள்: காங்கேயம், குன்னத்தூர், பல்லடம். குரூப்புக்கு நாலு கல்லூரி. குரூப்பில் கடைசியாகச் சேர்ந்த இரண்டு கல்லூரிகளும் முதல் ஆட்டத்தில் மோத வேண்டும், தோற்றவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது விதி. காங்கேயம் குரூப்பில் பூபாலனின் கல்லூரியும் தாராபுரத்துக் கல்லூரி ஒன்றும் ஒரே வருஷம் சேர்ந்தவை. அதனால் ஒன்பது வருஷமாக அதே முதல் ஆட்டம், அதே தாராபுரம், அதே உதை. தோற்றவன் அடுத்த ஆட்டம் பார்க்க உட்காருவானா? விசிலைப் பையில் போட்டுக்கொண்டு பூபாலன் பஸ் ஏறிவிடுவார். தாராபுரம் இல்லாத குரூப்புக்குப் போய்விட்டால் பிழைத்தோம் என்று அவருக்குப் பட்டது.

லீக் செயலாளர் ஆத்தப்பன் காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருப்பவர். தேங்காய்ப் பருப்பு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து விஷயத்தைக் கேட்டார்.

"மாறலாமுங்க, தப்பில்ல. ஆனா குன்னத்தூர்ல இருந்து ஒரு காலேஜ் இங்க வரோணும். ஆள நீங்களே புடிங்க."

பிடித்தார். சும்மா வருவார்களா? கல்லூரிக்குப் புதிதாக வாங்கிய வலையைக் கழற்றிக் கொடுத்த பிறகுதான் குன்னத்தூர் குரூப்பில் ஒருவர் மனம் இளகினார். அன்று முதல் பூபாலனின் டீம் இரண்டு கம்பங்களுக்கு நடுவே தேங்காய் நார்க் கயிற்றைக் கட்டிப் பயிற்சி செய்தது.

"பந்து மேல போச்சா, கீழ போச்சான்னே தெரியலீங் சார்" என்றான் ஒரு மாணவன்.

"மனசுல வலைய நெனச்சுக்க கண்ணு" என்றார் பூபாலன்.

மறுநாள் லீக்கின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. அனுப்பியவர் தாராபுரத்து உடற்கல்வி ஆசிரியர் லிங்கசாமி. 'நாங்களும் குன்னத்தூர் குரூப்புக்கு மாறுகிறோம். அனைவரும் ஆதரவு தர வேண்டுகிறேன்.' கீழே கும்பிடும் கைகள் மூன்று.

பூபாலனுக்குக் கண் இருட்டியது. புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் யார் யார்? இவரும் அவரும்தான். முதல் ஆட்டம் யாரோடு யாருக்கு? கேட்கவே வேண்டாம்.

தாராபுரம் எங்கே, குன்னத்தூர் எங்கே? மாவட்டத்தின் இந்த மூலையும் அந்த மூலையும். இடையில் இத்தனை ஊர் இருக்க, இந்த ஆள் வேலை மெனக்கெட்டு ஏன் வர வேண்டும்? யோசிக்க யோசிக்க, பூபாலனுக்கு ஒரே ஒரு காரணம்தான் கிடைத்தது. அவர் மனைவி இந்துமதியை முதலில் பெண் பார்த்துவிட்டுப் போனவர் இந்த லிங்கசாமி.

"இத்தன வருசங் கழிச்சுப் பழி வாங்கறான் இந்து. உன்னயக் கட்ட முடியலேன்னு வயித்தெரிச்சல்!"

இந்துமதி தோசையைத் திருப்பிப் போட்டாள். "கட்ட முடியலையா? என்னைய வேண்டாம்னு சொன்னதே அவருதானுங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

பூபாலன் ஒரு தோசையோடு எழுந்துவிட்டார். வேண்டாம் என்று சொன்னவன், இன்னொருத்தன் சந்தோஷமாக இருப்பதைப் பார்த்ததும் பொருமுகிறான். அதுதான் விஷயம் என்று முடிவு கட்டினார். ஒரு மனிதன் ஒரு முடிவைக் கட்டிவிட்டால், அதை இடிக்க அவனாலேயே முடியாது.

அடுத்த வாரம் ஆறு புதுப் பந்துகளைத் தாரை வார்த்துப் பல்லடம் குரூப்புக்கு மாறினார். கல்லூரியில் மிஞ்சியது தையல் பிரிந்த ஒரு பந்து. இரண்டே நாளில் லிங்கசாமியும் பல்லடத்துக்கு வந்தார். இந்த முறை கும்பிடும் கைகள் ஐந்து.

இதற்குள் மற்றக் கல்லூரிகளுக்கும் அரிப்பு எடுத்துவிட்டது. இரண்டு பேர் இப்படி ஊர் ஊராக ஓடுகிறார்கள் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது, நெருப்பில்லாமல் புகையுமா என்று அவர்களும் ஓட ஆரம்பித்தார்கள். யார் எங்கே போகப் போகிறார்கள் என்பதைத் தவிர, வாட்ஸ்அப் குழுவில் வேறு பேச்சே இல்லை. மாத முடிவில் பல்லடத்துக் கல்லூரி குன்னத்தூர் குரூப்பில் இருந்தது. குன்னத்தூர்க் கல்லூரி காங்கேயத்தில் இருந்தது. காங்கேயம் குரூப்பில் காங்கேயத்துக்காரர் ஒருவர்கூட இல்லை.

ஆத்தப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏனுங்க பூபாலன், மில்லுல கொப்பரை எந்தச் சாக்குல இருக்குதுன்னு தெரியும். எந்தக் காலேஜ் எந்தக் குரூப்புன்னு எனக்கே தெரியலீங்க. நாளைக்குச் சாயங்காலத்தோட மாத்தறத நிறுத்திப்போடறேன். அதுக்கு மேல யாரும் அசையக் கூடாது."

கடைசி நாள் சாயங்காலம் வரை பூபாலன் காத்திருந்தார். மூட ஐந்து நிமிஷம் இருக்கும்போது, கல்லூரி டீமின் ஜெர்சிகளைக் கைமாற்றிவிட்டு, பழைய காங்கேயம் குரூப்புக்கே திரும்பினார். இனி லிங்கசாமியால் ஒன்றும் செய்ய முடியாது என்று மில் வாசலில் நின்று கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எங்கே காத்திருந்ததோ, தாராபுரம் கல்லூரி பஸ் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. அது நிற்பதற்குள் லிங்கசாமி குதித்து, செருப்பு ஒன்று கழன்றதையும் பார்க்காமல் உள்ளே ஓடினார். டிரைவர் காஜா மொய்தீன் இறங்கி, அந்தச் செருப்பை எடுத்துத் தட்டி, வாசலில் ஓரமாக வைத்தார். பூபாலனைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா சார்?" என்றார். பூபாலன் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆக, சுற்றிச் சுற்றி வந்து அதே காங்கேயம் குரூப், அதே தாராபுரம், அதே முதல் ஆட்டம். வலையும் பந்தும் ஜெர்சியும் போனதுதான் மிச்சம். ஓடி ஒளிய இடமில்லாதவன் கடைசியில் செய்வதை பூபாலனும் செய்தார். புகார் எழுதினார்.

பி.எஃப். பிடிக்கிற வேலையில் இருப்பவர் மாணவர் டீமில் ஆடக் கூடாது என்று லீக்கில் ஒரு பழைய விதி உண்டு. அதை யாரும் சீண்டுவதில்லை. பனியன் கம்பெனியில் ஒரு ஷிப்டு பார்க்காமல் இந்த ஊரில் எந்தப் பையன் காலேஜ் படிக்கிறான்? தாராபுரத்தில் கதிர்வேல் என்று ஒரு நெட்டையன், வலைக்கு மேலே எழும்பி அடிக்கிறவன். அவன் ஒரு கம்பெனியில் அயர்னிங் பார்ப்பது பூபாலனுக்குத் தெரியும். அந்தச் சம்பளத்தில்தான் அவன் பீஸ் கட்டுகிறான் என்பதும் தெரியும். பாதி எழுதிப் பேனாவை மூடினார், திரும்பத் திறந்தார். மகள் முகத்தை நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

ஆத்தப்பன் படித்துவிட்டு நிமிர்ந்தார். "சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானுங்க. ரெண்டு டீமையும் செக் பண்ணிப்போடலாம்."

"ரெண்டு டீமையுமா?"

"பொறவு?"

செக் பண்ணினார்கள். தாராபுரத்தில் கதிர்வேலோடு இன்னும் நாலு பேர் போனார்கள். பூபாலனின் டீமிலும் ஐந்து பேர் போனார்கள். அந்த ஐந்து பேருக்கும் பி.எஃப். பிடித்துக்கொண்டிருந்தது சேர்மன் தரணீதரனின் கம்பெனியேதான்.

ஆட்டத்துக்கு இரண்டு நாள் இருந்தது. பூபாலன் வகுப்பு வகுப்பாகப் போய், உயரத்தை மட்டும் பார்த்து ஆள் எடுத்தார். ஒருவன் செஸ் ஆடுகிறவன். ஒருவன் கண்ணாடியைக் கழற்றினால் பந்தும் தெரியாது, வலையும் தெரியாது. ஜெர்சி இல்லாததால், சேர்மன் கம்பெனியில் தேங்கிக் கிடந்த அந்த அமெரிக்கப் பனியன்களையே கேட்டு வாங்கி மாட்டிவிட்டார்.

அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். லிங்கசாமியும் உயரத்தைப் பார்த்துத்தான் ஆள் எடுத்திருந்தார். இந்தப் பக்கம் சர்வீஸ் போட்டால் வலையில் விழும். அந்தப் பக்கம் போட்டால் பார்வையாளர் மடியில் விழும். ஒரு பாயிண்டுகூட யாரும் அடித்து எடுக்கவில்லை. எல்லாம் எதிராளி போட்ட பிச்சை. நடுவர் நடுவில் இரண்டு முறை உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். லிங்கசாமி கோட்டோரமாக, "கண்ணுகளா, ஒரு பாயிண்டு! ஒண்ணே ஒண்ணு!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடினார். பூபாலனுக்கு அதைக் கேட்கக் கேட்க இனித்தது.

கடைசி செட். கடைசி பாயிண்டு. தாராபுரத்துப் பையன் போட்ட சர்வீஸ், முன்னால் நின்ற அவன் கூட்டாளியின் பின்மண்டையில் டொப்பென்று அடித்துக் கீழே விழுந்தது.

ஜெயித்தாயிற்று. செஸ் ஆடுகிறவன் பூபாலனைக் கட்டிக்கொண்டு குதித்தான். கண்ணாடிக்காரன், "சார், யாருங் சார் ஜெயிச்சது?" என்று கேட்டான். பூபாலனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒன்பது வருஷத்துக் கண்ணீர் அது. துடைத்துக்கொண்டு சேர்மனுக்குப் போன் போட்டார்.

"நெம்பச் சந்தோசமுங்க சார்" என்றார் சேர்மன். "குடோனுக்கு வேற எடம் பாத்துக்கறேன். அடுத்த வருசமும் இதே மாதிரி ஒண்ணு ஜெயிச்சுப்போடுங்க. வருசா வருசம் ஒண்ணு, அது போதுமுங்க."

போனை வைத்ததும், லிங்கசாமியை நாலு வார்த்தை கேட்காமல் போவதில்லை என்று நேரே தாராபுரம் பஸ்ஸுக்கு நடந்தார். கேட்க வேண்டியதை எல்லாம் மனசில் வரிசையாக வைத்திருந்தார். லிங்கசாமி படியில் நின்றுகொண்டிருந்தார். இவரைக் கண்டதும் இறங்கி வந்து, இரண்டு கையாலும் இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நல்லா ஆடுனாங்க உங்க பசங்க. சந்தோசமுங்க" என்றார். பிறகு பஸ்ஸில் ஏறி, கடைசி சீட்டில் போய் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

வரிசையாக வைத்திருந்ததைக் கேட்க பூபாலனுக்கு இப்போது ஆளில்லை. தண்ணீர் கேனை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டிருந்த டிரைவர் காஜா மொய்தீனை மறித்தார்.

"ஏனுங்க பாய், நான் உங்க சாருக்கு என்ன கெடுதல் பண்ணுனேன்? நான் எந்தக் குரூப்புக்குப் போனாலும் எதுக்குங்க அவரு எம் பொறத்தாலயே வந்தாரு?"

காஜா மொய்தீன் கேனை இறக்கி வைத்துவிட்டு, கடைசி சீட்டுப் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"வருசத்துக்கு ஒரு மேட்ச்சாவது ஜெயிச்சாத்தான் வேலைன்னு எங்க சேர்மன் கறாராச் சொல்லிப்போட்டாருங்க, இத்தன வருசத்துல எங்களால ஜெயிக்க முடிஞ்சது உங்க ஒரு டீமைத்தானுங்களே சார்!"