தராசு எப்படி இருக்கு?

மதிப்பிற்குரிய முத்திரை ஆய்வாளர் (எனக்கு மட்டும் அக்கா) அவர்களுக்கு,

நீங்கள் எங்களை நம்பிவிட்டீர்கள். இது மன்னிக்கக்கூடிய குற்றமில்லை.

முறைப்படி நலம் விசாரித்துவிடுகிறேன். நான் நலம். அப்பாவும் நலம், கேட்டால் ஒப்புக்கொள்ளமாட்டார். கடையில் இரும்பெல்லாம் துருப்பிடித்து நலமாக இருக்கிறது. தாங்களும் தங்கள் எடைக்கல் பெட்டியும் நலமா என்று அறிய விரும்புகிறேன். போனில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். போனில் நீங்கள் "ம்" என்பீர்கள், நான் "வேற?" என்பேன், நீங்கள் மறுபடி "ம்" என்பீர்கள். அதனால்தான் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுகிறேன். ஆபீஸுக்கு வந்த கடிதத்துக்கு முத்திரை குத்தியாவது ஆகவேண்டும் அல்லவா. சரி, மரியாதை முடிந்தது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நீ வேலையில் சேர்ந்த முதல் மாதமே நம் பழைய இரும்புக் கடைக்குள் நுழைந்து, எடைக்கல் வைக்கிற தட்டுக்கு அடியில் அப்பா ஒட்டிவைத்திருந்த காந்தத்தைப் பிடுங்கி வழக்குப் போட்டாய். ஒவ்வொரு நிறுவைக்கும் இருநூறு கிராம் தின்றுகொண்டிருந்த காந்தம். நீ செய்தது சரி. "பெத்த அப்பனையே புடிச்சுக் குடுத்தவ இனிமே இந்தப் படிய மிதிக்கக் கூடாது" என்றார் அப்பா. மகளாக நீ மிதிக்கவும் இல்லை. ஆனால் வருஷத்தில் ஒரு நாள் தராசைச் சோதித்து முத்திரை போட அரசாங்கமாக நீ வருவாய், அதைத் தடுத்தால் இன்னொரு வழக்கு. சொந்தக்காரர் கடைக்கு வேறு ஆய்வாளர்தான் போகவேண்டும் என்று விதி. வேறு ஆய்வாளரை நியமித்தால்தானே? அந்தக் காலியிடம் ஒன்பது வருஷமும் காலியாகவே கிடந்ததால் நம் குடும்பம் பிழைத்தது. அரசாங்கத்தின் சோம்பேறித்தனத்துக்கு நான் நன்றி சொன்னது அந்த ஒரு விஷயத்தில்தான்.

அந்த நாளுக்காக அப்பா என்னென்ன செய்வார் என்று உனக்குத் தெரியாது. ஒரு வாரம் முன்பிருந்தே எடைக்கற்களைத் துணியால் தேய்ப்பார். உனக்காகக் கைவைத்த நாற்காலி ஒன்று வாங்கினார். பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. நான் ஒருமுறை உட்கார்ந்தேன், "எந்திரிடா, அது கவர்ன்மென்ட் நாற்காலி" என்றார். நீயோ வருஷா வருஷம் நின்றுகொண்டே வேலையை முடித்துவிட்டுப் போவாய். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். நடுவில் நான் மொழிபெயர்ப்பாளன் மாதிரி நிற்பேன்.

"ஐயா, தராசு எப்படி இருக்கு?"

"ஆபீசர் கேக்குது, சொல்லுடா. கொஞ்சம் ஆடுது. காலைல எழுந்தா மூட்டு புடிச்சுக்குது."

"எண்ணெய் போடுங்க."

"போடறேன்."

"வெயில்ல வைக்காதீங்க."

"வைக்கல."

உங்கள் படிவத்தில் அப்பாவின் உடம்பைப் பற்றிக் கேட்கக் கட்டமில்லை. அதனால் நீங்கள் இரண்டு பேரும் தராசின் உடம்பைப் பற்றிப் பேசினீர்கள். எட்டு வருஷமாக இந்த வீட்டில் நடந்த ஒரே குடும்பப் பேச்சு அதுதான்.

இந்த வருஷம் நீ வரவில்லை. உனக்குப் பதிலாக அப்பாவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. வியாபாரிகளைத் தொல்லை செய்யக் கூடாதென்று மேலே முடிவாகிவிட்டதாம். இனி ஆய்வு கிடையாது, அவரவர் தராசுக்கு அவரவரே சாட்சி. 'உங்கள் தராசு சரியாக உள்ளதா? ஆம் என்றால் 1, இல்லை என்றால் 2.' இத்தனை காலம் "எல்லாத்துலயும் மூக்க நுழைக்கறதே இவனுங்க வேலை" என்று அரசாங்கத்தைத் திட்டிய மனிதர், கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார். "என்னடா இது, திருடன்கிட்டயே நீ திருடனான்னு கேக்கறான்? அரசாங்கம்னா வந்து பாக்க வேணாமா?" என்றவர், 2-ஐ அழுத்தினார். இல்லை என்றால் ஆள் அனுப்பித்தானே ஆகவேண்டும் என்பது அவர் கணக்கு. உடனே பதில் வந்தது: 'நன்றி. உங்கள் சான்றிதழ் தயார்.'

பிறகு என்னைப் புகார் எண்ணுக்குப் பேசச் சொன்னார். எடுத்தவர், "யார் மேல புகார்?" என்றார். "எங்க மேலதான்." "நீங்க யாரு?" "கடைக்காரர் பையன்." "சார், கடைக்காரர் புகார் குடுக்க முடியாது, பாதிக்கப்பட்டவங்கதான் குடுக்கணும்." நாங்கள்தான் பாதிக்கப்பட்டிருக்கிறோம் என்று அந்த ஆளுக்கு எப்படிச் சொல்வது? வைத்துவிட்டேன்.

பேப்பரும் தகரமும் பொறுக்கிக் கொண்டுவரும் சாக்குக்காரம்மாவிடம், எங்கள் மேல் ஒரு புகார் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். "உங்க கடை ஒண்ணுதான் தம்பி சரியா போடுது, பொய்ப் புகார் குடுத்தா என் நாக்கு அழுகிடும்" என்றாள். "எதிர்க்கடை மேல வேணா பத்து புகார் குடுக்கறேன், அஞ்சு கிலோவுல ஒரு கிலோவ முழுங்கறான்." எதிர்க்கடைக்காரன் 1-ஐ அழுத்தி, வந்த சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறான். அக்கா, எனக்கு ரத்தம் கொதிப்பது இங்கேதான். சாக்குக்காரம்மா முதியோர் பென்ஷனுக்காக, தான் உயிரோடிருப்பதை வருஷா வருஷம் ஒரு ஆபீஸில் நேரில் போய் நின்று நிரூபிக்கவேண்டியிருக்கிறது. எதிர்க்கடைத் தராசு உட்கார்ந்த இடத்திலேயே யோக்கியனாகிவிட்டது. நம்பிக்கை நம்பிக்கை என்கிறீர்களே, அது ஏன் எப்போதும் தராசு வைத்திருப்பவனுக்கே போகிறது? சாக்கு வைத்திருப்பவளை என்றைக்காவது நம்பினீர்களா?

போன மாதம் அப்பா கடைசி ஆயுதத்தை எடுத்தார். வழக்கு முடிந்து உன் துறையே ரசீதோடு திருப்பிக்கொடுத்த அந்தப் பழைய காந்தம். புகாரை உண்மையாக்கிவிடலாம் என்று அதை மறுபடி ஒட்டினார். வயசாகிவிட்டது, கைதவறி எடைக்கல் தட்டை விட்டுச் சரக்குத் தட்டுக்கு அடியில் ஒட்டிவிட்டார். கொண்டுவந்தவர்களுக்கெல்லாம் இருநூறு கிராம் கூடுதலாகக் காட்டியது. இரண்டே நாளில் வாசலில் வரிசை நின்றது. எதிர்க்கடைக்காரன் ஓடிவந்து, "என்ன பெரியவரே, தொழில் தர்மம் வேணாமா?" என்றான். அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "புகார் குடுப்பா, தயவுசெஞ்சு குடுப்பா" என்றார். கொடுத்தான். மறுநாள் செய்தி வந்தது: 'இரு தரப்பும் சுய உறுதி அளித்திருப்பதால் புகார் முடித்துவைக்கப்பட்டது.'

அரசாங்கம் எல்லாவற்றையும் செய்யவேண்டும் என்று நான் கேட்கவில்லை. எங்களுக்கு அது சோறு ஊட்டவேண்டாம், புத்தி சொல்லவேண்டாம். வருஷத்தில் ஒரு நாள் நேரில் வந்து, பொய் சொல்லாத ஒரு கல்லைத் தட்டில் வைத்து, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும். பார்க்கிற ஆள் ஒருவர் இருக்கிறார் என்பதற்காகவே எட்டு வருஷம் ஒரு திருடர் நேர்மையாக இருந்தார். இப்போது தராசு எப்படி இருக்கு என்று கேட்க ஆளில்லை. ரொம்ப ஆடுது அக்கா. மாடிப்படி ஏற அரைமணி நேரம் ஆகிறது.

அதனால் ஆய்வாளராகவே வா. மகளாக வந்துவிடாதே, கதவு சாத்தியிருக்கும். நான் எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். சிறியவன் ஆசி கூறக் கூடாது. கோபத்தை மட்டும் எடை குறையாமல் நிறுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
சான்றிதழ் பெற்ற கடையின் சின்ன முதலாளி,
உன் தம்பி

பி.கு.: மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். உறையை ஒட்டுவதற்குள் அப்பா பிடுங்கிப் படித்துவிட்டார். "கைதவறி ஒட்டினேனா? முப்பது வருஷம் ஒட்டினவனுக்கு எந்தத் தட்டுன்னு தெரியாதா? எடுத்ததத் திருப்பிக் குடுக்க வேற வழி இருந்தா சொல்லு" என்றார். "கதவு சாத்தியிருக்கும்னு எவன்டா சொன்னான்? அரசாங்கத்த விடு. அவள வரச் சொல்லு." இதைச் சொல்லிவிட்டுப் போய் அந்த நாற்காலியின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்துக்கொண்டிருந்தார். பாதியில் திரும்பி, "வரும்போது அந்த எடைக்கல் பெட்டியையும் எடுத்துட்டு வரச் சொல்லு, எதிர்க்கடைக்கும் போகணும்ல" என்றார். இப்போது என் தோளுக்குப் பின்னால் நின்று, நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"என்னைக்கு வர்றா? தேதி எங்கடா? கேட்டு எழுது."