பின்பலகையைத் தட்டிய கதை

பளபளவென்று இருக்கும் எதையும் நம்பிவிடக் கூடாது என்று தில்லை நகரில் என் கிளினிக்குக்கு வருகிறவர்களிடம் தினமும் சொல்கிறேன். பல் டாக்டர் சொன்னால் ஜனங்கள் கேட்டுக்கொள்கிறார்கள். சொன்னவள் கேட்டாளா என்பதுதான் விஷயம்.

கல்யாணமான புதிதில் என் கணவர் சீனுவுக்குப் படகு ஆசை வந்தது (சிலருக்கு அம்மை வருவது போல). ஏதோ ஏரியில் சவாரி போய் ஓய்ந்த ஃபைபர் படகு ஒன்றைப் பழைய சாமான் கடையில் பிடித்து, ஸ்ரீரங்கத்து வீட்டின் பின்பக்கம், துணி காயப்போடும் இடத்தில் இறக்கிவிட்டார். ஜீயபுரத்தில் வாழைத்தோப்பு வைத்திருக்கும் அவர் அண்ணன் பார்க்க வந்தார். நான் மாமா என்று கூப்பிடும் அவர் அதிகம் பேசாதவர். படகை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "இதுல உக்கார ஆளு தேடணும்டா" என்று மட்டும் சொன்னார். சீனுவின் முகம் விழுந்துவிட்டது. அண்ணன் வாயால் ஒருமுறையாவது பாராட்டு வாங்கிவிட வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து பாடுபடுகிறவர் அவர். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

ஃபைபர்தானே, மக்கவா போகிறது என்று நினைத்திருந்தோம். விசாரித்தபோதுதான் தெரிந்தது: பலம் வேண்டிய இடங்களில் ஃபைபருக்கு நடுவே மரப்பலகை வைத்து மூடியிருப்பார்களாம். திருகாணி ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால், வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே மரம் மக்கிக்கொண்டிருக்குமாம். மேலே எனாமல், உள்ளே சொத்தை. நம் தொழிலேதான் என்று தலைமை மருத்துவராக நானே பொறுப்பேற்றுக்கொண்டேன்.

சின்னச் சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டினேன். நல்ல இடம் 'டக்' என்னும். மக்கிய இடம் 'தொப்' என்னும். தரையில் ஒரு பக்கம் தொப். துளை போட்டதும் டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி பழுப்பு ஈரத்தூள் வந்தது. அந்த இடத்தை அறுத்தெடுத்து, புதுப் பலகை வைத்து, ஃபைபர் துணி போட்டு ரெசின் பசை பூசி மூடினோம். தலைமுடியில் ரெசின் ஒட்டியபடியேதான் நோயாளிகளைப் பார்த்தேன்.

மிச்சம் இருந்தது, இன்ஜினைத் தாங்கும் பின்பலகை. தட்டினேன். தொப். சீனு என்னைப் பார்த்தார்.

"இது டபுள் பலகை. கனமா இருந்தா சத்தம் அப்படித்தான் வரும்" என்றேன்.

இந்த விஞ்ஞானம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. ஒரு துளை போட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் அதன்மேல் இரண்டு கோட் நீலப் பெயிண்ட் அடித்தவள் நான். துளை போட மனசு வரவில்லை. (ரூட் கேனாலுக்குப் பயப்படுகிறவர்களை நான் அதட்டுவது வழக்கம்.)

காவிரியில் தண்ணீர் நிதானமாகப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜீயபுரத்துக் கரையோரம் வெள்ளோட்டம். மாமாதான் முதல் பயணி என்று வற்புறுத்தி ஏற்றினோம். வெள்ளை வேட்டி, மேலே ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட். சொந்தக்காரர்கள் கரையில் கேசரியோடு நின்றார்கள். படகு நன்றாகத்தான் போனது. மாமா லேசாகத் தலையை ஆட்டினார். அதைப் பார்த்த சந்தோஷத்தில் சீனு வேகத்தைக் கூட்டினார்.

ஈரத்துணி கிழிவது போல ஒரு சத்தம். இன்ஜின், பின்பலகையைக் கட்டிப்பிடித்தபடி, களுக்கென்று தண்ணீருக்குள் போய்விட்டது. பலகை இருந்த இடத்தில் இப்போது காவிரி இருந்தது.

படகு அவசரமில்லாமல் கீழே உட்கார்ந்தது. மார்பளவு தண்ணீரில் இருக்கையை விட்டு எழுந்திருக்காமலே மாமா திரும்பிப் பார்த்தார்.

"ரேவதி, பின்னாடி கதவு வச்சிருக்கேன்னு நீ சொல்லவே இல்லையேம்மா."

எழுந்து நின்றால் இடுப்பளவுதான். நடந்தே கரையேறினோம். மாமா வாழைத்தார் கட்டும் கயிற்றைக் கொண்டுவரச் சொல்லி இன்ஜினை இழுத்துப் போட்டார். கூடவே வந்த பலகையிலிருந்து ஒரு பிடி கறுப்புக் கூழை அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். எனக்கு அப்படியே ஆற்றுக்குள் திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. சொட்டச் சொட்ட உட்கார்ந்து கேசரி சாப்பிட்டவர், சீனுவின் தோளைத் தட்டி, "நல்லாருந்துச்சுடா" என்றார். படகையா கேசரியையா என்று எங்கள் வீட்டில் இன்னும் தீர்ப்பாகவில்லை.

போன வருஷம் மாமாவின் மகளுக்கு வரன் பார்த்தோம். படிப்பு, வேலை, குணம் எல்லாம் விசாரித்து எல்லோருக்கும் திருப்தி. காபி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாமா என் பக்கம் சாய்ந்து, "எல்லாம் சரி, பின்பலகையைத் தட்டிப் பாத்தாச்சா?" என்று கேட்டார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். எதிரே உட்கார்ந்திருந்த பையனின் அப்பா காதில் அது விழுந்துவிட்டது. ஒரு நிமிஷம் யோசித்தார்.

"கவலையே வேண்டாங்க, எங்க வீட்ல எல்லாமே தேக்கு" என்றார்.