காய்ச்சல் கண்ட கெண்டைகளும் நான் போட்ட ஐஸும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான், என் மகன், தொட்டியிலுள்ள கெண்டைகள் எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் வலியும் சம்பந்தியம்மாவின் ரத்த அழுத்தமும் இறங்குமுகமாக இருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் மகளும் நலம்தான். வழக்கமாக ‘என் மருமகள்’ என்றுதான் எழுதுவேன். கோபம் தீரும்வரை அவள் ‘உங்கள் மகள்’தான், தவறாக எண்ண வேண்டாம்.

விஷயம் இதுதான். நான் நுழையக் கூடாது என்று மீன் கொட்டகைக்கு உங்கள் மகள் பூட்டுப் போட்டுவிட்டாள். ஓய்வு பெற்ற மனிதனுக்குக் காலையில் எழுந்து போய் நிற்க ஓர் இடம் வேண்டாமா? நீங்கள் நாலு வார்த்தை பக்குவமாகச் சொல்லி அந்தச் சாவியை எனக்கு வாங்கித் தர வேண்டும்.

நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். பக்கத்துப் பண்ணைக்காரரின் குளத்தில் ஏதோ வைரஸ் வந்து மீன்கள் மிதந்தன, நம் கொட்டகையிலும் சில கெண்டைகள் தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சுணங்கின, உங்கள் மகள் மீன் டாக்டர் அல்லவா, நீளத் தொட்டியின் ஒரு முனையில் வெதுவெதுப்பான தண்ணீர் விழும்படி குழாய் போட்டாள், மறுமுனையைப் பழையபடி குளிர்ச்சியாகவே விட்டுவிட்டாள். ‘யாரும் கை வைக்காதீங்க’ என்று சாப்பாட்டு மேசையில் சொன்னாளாம். என் மகனும் ஆமாம் என்று தலையாட்டுகிறான், அவன் எதற்குத்தான் தலையாட்டவில்லை? மறுநாள் இருவரும் மருந்து வாங்கப் போன நேரத்தில் நான் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தால், அத்தனை மீன்களும் வெந்நீர் விழும் மூலையில் முண்டியடித்துக்கொண்டு நிற்கின்றன. எனக்குப் பதறிவிட்டது. வேலை பார்த்த காலமெல்லாம் ஐஸ் ஃபேக்டரியில் மேற்பார்வையாளனாக இருந்தவன் நான், மீன் என்றால் ஐஸில் இருக்க வேண்டும் என்பது என் ரத்தத்தில் ஊறியது, அங்கே வந்த மீன் எதுவும் உயிரோடு வந்ததில்லை என்பது அந்த அவசரத்தில் நினைவுக்கு வரவில்லை. குழாயை மூடினேன். பழைய ஃபேக்டரிக்குப் போன் போட்டேன். வண்டியில் வந்து இறங்கிய ஐஸ் பார்களை நானே சாக்கில் சுற்றி உடைத்துத் தொட்டியில் கொட்டினேன். மீன்கள் எல்லாம் அடியில் போய் ஆடாமல் அசையாமல் நின்றன. பாவம், இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகின்றன என்று நானும் நாற்காலியில் கண்ணயர்ந்தேன்.

“மாமா! என்ன பண்ணி வச்சிருக்கீங்க?”

“வெந்நீர்ல மாட்டிக்கிட்டு தவிச்சுதுங்கம்மா. குளுகுளுன்னு ஆக்கி வச்சிருக்கேன்.”

“மாட்டிக்கல மாமா, தேடிப் போச்சுங்க! அதுங்களுக்குக் காய்ச்சல் வேணும்!”

காய்ச்சல் வேண்டும் என்று கேட்கும் ஜீவனை நான் இதுவரை பார்த்ததில்லை. தொட்டிக்குள் கையை விட்டு ஐஸை அள்ளி வெளியே வீசிக்கொண்டே உங்கள் மகள் பாடம் நடத்தினாள். வைரஸ் நுழைந்த செல், தான் சாவதற்குள் அக்கம்பக்கத்துச் செல்களுக்குச் சேதி அனுப்புமாம், திருடன் வந்துவிட்டான், கதவைச் சாத்து என்று. சேதி கொண்டு போகும் புரதத்துக்கு இன்டர்ஃபெரான் என்று பெயராம். நமக்குக் காய்ச்சல் உள்ளேயிருந்தே வந்துவிடுகிறது. கெண்டைக்குத் தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளத் தெரியாது. அதனால் சூடு இருக்கும் இடத்துக்கு நீந்திப் போய்க் காய்ச்சலை வாங்கிக்கொள்கிறது, அதன் பிறகுதான் சேதியும் சுறுசுறுப்பாக ஓடுகிறது. நான் ஐஸ் போட்டதும் சேதிக்காரன் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டானாம்.

“அப்ப உடனே வெந்நீரைத் தொறந்து விடும்மா!” என்றேன்.

“ஒரேயடியா சூடாக்கினா அதையும் தாங்காது. தயவுசெஞ்சு நீங்க வெளிய போங்க மாமா.”

போனேன். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சூடேற்றினாள். அப்படியும் சில மீன்கள் பிழைக்கவில்லை. சம்பந்தி, தினமும் என் நிழலைக் கண்டதும் வாயைத் திறந்துகொண்டு ஓடிவந்த மீன்கள் அவை. கிணற்றடியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். மற்றவை மெல்ல மெல்ல வெந்நீர் மூலைக்குத் திரும்பின, அங்கேயே கிடந்தன, பிறகு ஒரு நாள் தாமாகவே தொட்டி முழுக்கப் பரவிவிட்டன. காய்ச்சல் விட்டுவிட்டது என்று உங்கள் மகள் சிரித்தாள். பூட்டை மட்டும் எடுக்கவில்லை. இப்போது சன்னல் வழியாகத்தான் பார்க்கிறேன். வாட்டமில்லாமல் தின்கின்றன. அந்த மட்டில் சந்தோஷம்.

ஆகவே நீங்களே புறப்பட்டு வந்து நியாயம் கேட்க வேண்டும். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் நோய்நொடி நுழையும் முன்னே கதவு சாத்தவும், நல்லது வரும்போது திறக்கவும் வேண்டி,

தங்கள் அன்புள்ள,
சம்பந்தி

பி.கு.: வர வேண்டாம். எதுவும் கேட்கவும் வேண்டாம். கடிதத்தை ஒட்டப் பசை தேடிப் போனபோது என் மருமகள் என்னைக் கொட்டகை வாசலில் நிறுத்தி, “இந்த மீனுங்க உடம்பு இனி அந்த வைரஸை மறக்காது மாமா. மறுபடி வந்தா வாசல்லயே அடையாளம் கண்டுக்கும். ஒருதடவை பட்டவங்கதான் காவலுக்கு நல்லது” என்று சொல்லிச் சாவியை என் கையில் வைத்துவிட்டாள். மீன்களைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துத் தலையாட்டினேன். உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் அவள் சொன்னது என்னையும் சேர்த்து என்று புரிந்தது. இதைத் தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். எல்லாம் என் நிழலுக்கு ஓடிவந்துவிட்டன. இவ்வளவு எழுதிய பிறகு கிழிக்க மனம் வராததால் அனுப்புகிறேன். என் மருமகள் கண்ணில் மட்டும் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.