ஏரியில் ஓர் உணர்தல் பயிற்சி

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, அப்புறம் களைத்துப்போய் நெடுங்காலம் சும்மா இருந்தது. அந்தக் குறையைப் போக்கவே 'அனைவருக்கும் ஆகாயம்' அறக்கட்டளை பிறந்தது. போரில் உறுப்பு இழந்த வீரர்களையும் பிற மாற்றுத்திறனாளிகளையும் வெட்டவெளிக்கு அழைத்துப் போய், காற்று, வெயில், புல், தண்ணீர் ஆகிய சகல இன்பங்களையும் பாகுபாடின்றி வழங்குவது அதன் இலட்சியம். அதன் அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் நிலவறையில் இருந்தது. ஜன்னல் கிடையாது. படி இறங்க முடியாதவர்கள் உதவிக்கு ஆள் கூப்பிட ஓர் அழைப்பு மணி இருந்தது. அதைக் கீழே, கடைசிப் படிக்குப் பக்கத்தில், சக்கர நாற்காலியில் இருப்பவர் கைக்கு எட்டும் உயரத்தில், மிகுந்த அக்கறையோடு பொருத்தியிருந்தார்கள்.

இந்த அறக்கட்டளையின் மூத்த 'பயனாளி' பட்டாளத்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே செயற்கை. படையில் ஆறு கடக்கும் பிரிவில் இருந்தவர். வெள்ளத்தில் படகு விட்டு ஆட்களை அக்கரை சேர்ப்பதுதான் வேலை. கண்ணிவெடியில் கால் போய் வீடு வந்த பிறகு துடுப்பைத் தொட்டதில்லை. இந்தப் படகுக் கதைகளைக் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் மனைவி, அவற்றில் ஒன்றையும் நம்பவில்லை.

“வெள்ளத்துல ஒத்த ஆளா படகு விட்டீங்களாக்கும்! ஒரு வாளித் தண்ணிய சிந்தாம தூக்கத் தெரியல. எல்லாம் பட்டாளத்துக் கப்ஸா.”

மனைவியைப் படகில் உட்கார வைத்து ஒரே ஒரு முறை துடுப்புப் போட்டுக் காட்ட வேண்டும். அவருடைய ஆசை அவ்வளவுதான். வலது தோள் வேறு மக்கர் பண்ண ஆரம்பித்திருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் கையைத் தோளுக்கு மேல் தூக்குவதே கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் பட்டாளத்தாருக்கு உள்ளூரப் பயம். கால் போனபோதுகூட அவர் இவ்வளவு பயந்ததில்லை.

அறக்கட்டளை அவர் ஆசையை உடனே ஏற்றுக்கொண்டது. உடனே என்றால், கூட்டம் போட்டு. பாதுகாப்பு அதிகாரி நேரில் போய் ஏரியை ஆய்வு செய்துவிட்டு வந்து இயக்குநர் அம்மையாரிடம் கவலையோடு சொன்னார்.

“மேடம், ஏரியில தண்ணி இருக்கு.”

“எவ்வளவு இருக்கு?”

“நிறைய இருக்கு மேடம்.”

கூட்டம் காலவரையின்றி ஒத்திவைக்கப்பட்டது. ஆனால் பயனாளிகளை ஏங்கவிடுகிற நிறுவனமா அது? நிலவறையிலேயே 'உள்ளரங்க வெட்டவெளித் திட்டம்' தொடங்கப்பட்டது. சுவரில் சூரியோதயத்தைப் படமாகக் காட்டினார்கள். மேஜை மின்விசிறியை மெதுவாக வைத்தால் மலைக்காற்று, வேகமாக வைத்தால் கடற்காற்று. பொருளாளர் ஒரு வாளித் தண்ணீரில் கையை விட்டு அலை எழுப்பினார். பட்டாளத்தார் ஒவ்வொரு முறையும் விறைப்பாக உட்கார்ந்து, “உத்தரவு மேடம்” என்று சொல்லி அனுபவித்துவிட்டு வந்தார்.

“ஃபேன் காத்து வாங்க இவ்வளவு தூரம் போகணுமா? நம்ம வீட்டு ஃபேன் என்ன பாவம் பண்ணுச்சு?” என்றாள் மனைவி.

பட்டாளத்தார் எழுந்து போய் வீட்டு ஃபேனைப் போட்டார்.

அப்புறம்தான் அந்தப் பொன்னாள் வந்தது. இயக்குநர் அம்மையார் ஏதோ ஒரு நட்சத்திர ஓட்டல் கருத்தரங்குக்குப் போய், தலை நிறைய வெளிச்சத்தோடு திரும்பினார்.

“நாம அவங்களாவே மாறாம அவங்களுக்கு எப்படி உதவ முடியும்? ஏரிக்குப் போறோம். அங்க நாம எல்லாரும் மாற்றுத்திறனாளியா ஆகறோம்!”

பொருளாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தியாகம் என்றால் அது.

ஏரிக்கரையில் பந்தல் போட்டிருந்தார்கள். சக்கர நாற்காலியோடு ஏறுவதற்குச் சாய்தளம் வைத்த புத்தம் புது 'சமவாய்ப்புப் படகு' தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் பட்டாளத்தாருக்குத் தலைகால் புரியவில்லை. மனைவி கையைப் பிடித்துக்கொண்டு சாய்தளத்தில் ஏறப் போனார். பாதுகாப்பு அதிகாரி குறுக்கே வந்து நின்றார்.

“உடல் நலமுள்ள, பயிற்சி பெற்ற துணைவர் இல்லாம பயனாளி தண்ணியில இறங்கக் கூடாதுங்க. இவங்க பயிற்சி பெற்றவங்களா?”

“இவரோட இருபது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். அதுக்கு மேல என்னய்யா பயிற்சி?” என்றாள் மனைவி.

அது அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி அல்ல என்று அதிகாரி வருத்தத்தோடு தெரிவித்தார். தவிர, இன்று படகு அலுவலர்களுக்கு. பயனாளிகள் பந்தலில் உட்கார்ந்து கைதட்டலாம்.

உணர்தல் தொடங்கியது. இயக்குநர் அம்மையார் உட்கார ஒரு சக்கர நாற்காலி வேண்டியிருந்தது. அங்கே இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதில் இன்னொரு பயனாளியான கணக்கு டீச்சர் உட்கார்ந்திருந்தார். சிறு வயதிலிருந்தே நடக்க முடியாத அவரை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்கு அன்போடு மாற்றினார்கள்.

“உங்க வலியை நான் உணரப் போறேன்” என்றார் இயக்குநர்.

“உணருங்க மேடம். பிரேக் கொஞ்சம் லூஸு” என்றார் டீச்சர்.

பொருளாளர் பட்டாளத்தாரின் ஊன்றுகோல்களை இரவல் வாங்கிக்கொண்டார். செயற்கைக் காலையும் கேட்டுப் பார்த்தார். மாட்ட இடமில்லை என்று தெரிந்ததும் மனம் வெதும்பினார். பிறகு எல்லா அலுவலர்களுக்கும் கண்ணைக் கட்டி, வலது கையை முதுகுப் பக்கம் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. முடிச்சுப் போடும் கௌரவம் பட்டாளத்தாருக்குக் கிடைத்தது.

“நல்லா இறுக்கமா போடுங்க. கரையில விசில் அடிக்கிற வரைக்கும் கட்டை அவிழ்க்காதவங்களுக்குத்தான் சான்றிதழ்” என்றார் இயக்குநர்.

“உத்தரவு மேடம்” என்றார் பட்டாளத்தார். பட்டாளத்து முடிச்சு. போட்டவர் அவிழ்த்தால்தான் உண்டு.

விசில் பாதுகாப்பு அதிகாரியிடம் இருந்தது. ஆனால் எல்லோரும் உணரும்போது அவர் மட்டும் உணராமல் நிற்பது நன்றாகவா இருக்கும்? காது கேளாமையை உணர்வதற்காக அவர் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்து, மேலே மெழுகும் பூசிக்கொண்டார். 'பயிற்சி முடிந்தது' என்று இயக்குநர் கத்தினால் அவர் விசில் அடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

படகு கிளம்பியது. நடுவில் சக்கர நாற்காலியில் இயக்குநர். முன்னும் பின்னும் அலுவலர்கள், ஆளுக்கு இரண்டு மிதவைச் சட்டையோடு.

“முன்னேறுங்க! அக்கரை தெரியுதா?”

“கண்ணைக் கட்டியிருக்கு மேடம்!”

“உணருங்க!”

பந்தலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கணக்கு டீச்சர் மெல்லச் சொன்னார்: “எல்லாரும் ஒரே திசையைப் பாத்து உக்காந்து, எல்லாரும் இடது கையால துடுப்புப் போடறாங்க. அந்தப் படகு இன்னைக்கு வட்டத்தை விட்டு வெளிய வராது.”

வரவில்லை. கரையிலிருந்து கல் எறியும் தூரத்தில் படகு அழகாகச் சுற்றியது. முதல் சில சுற்றுகளில் 'வேகம்! வேகம்!' என்ற குரல் கேட்டது. பிறகு யாரோ வாந்தி எடுக்கும் சத்தம். பிறகு இயக்குநரின் குரல்.

“பயிற்சி முடிந்தது! நடு ஏரிக்கு வந்துட்டோம்! காப்பாத்துங்க!”

பாதுகாப்பு அதிகாரி, அவர்கள் ஆனந்தத்தில் பாடுகிறார்கள் என்று நினைத்து, பதிலுக்குக் கை அசைத்தார்.

பட்டாளத்தார் எழுந்தார். கரையில் ஏரிக் காவலாளியின் பழைய மரப்படகு இருந்தது. எடுத்துக்கொள்ளுங்கள் என்று காவலாளி சொல்லிவிட்டார். ஆனால் பட்டாளத்தார் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டவர். மனைவி தோளைப் பிடித்துக்கொண்டு பாதுகாப்பு அதிகாரி முன்னால் போய் நின்று சல்யூட் அடித்தார்.

“ஐயா, நான் படகு எடுக்கலாமா?”

அதிகாரி புன்னகைத்தார்.

“சம்சாரத்தையும் கூட்டிட்டுப் போகலாமா?”

அதிகாரி பலமாகத் தலையாட்டினார்.

“டீச்சரும் வரலாமா?”

அதிகாரி நெகிழ்ந்துபோய்க் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். அறக்கட்டளை வரலாற்றிலேயே கூட்டம் போடாமல் கிடைத்த முதல் அனுமதி அது. அதுவும் ஒரே மூச்சில் மூன்று.

டீச்சரிடம் கேட்டுக்கொண்டு காவலாளி அவரை நாற்காலியோடு தூக்கிப் படகின் முனையில் வைத்தார். மனைவி புடவையைச் செருகிக்கொண்டு பின்பக்கப் பலகையில் உட்கார்ந்தாள். பட்டாளத்தார் நல்ல காலை ஒரு கட்டையில் முட்டுக் கொடுத்து, இரண்டு துடுப்பையும் பிடித்தார். தோள் சுரீரென்றது. 'நீ அப்புறம் பேசு' என்று அதனிடம் சொல்லிவிட்டு இழுத்தார். படகு வழுக்கிக்கொண்டு போனது.

இரண்டு துடுப்புப் போடுகிறவர் போகிற திசையைப் பார்ப்பதில்லை. அவருக்கு எதிரே இருப்பவர் முகம்தான் தெரியும். மனைவியின் வாய் ஏதோ சொல்லத் திறந்து, திறந்தபடியே நின்றுவிட்டது. பட்டாளத்தார் இன்னும் ஒரு இழுப்பு இழுத்தார். சந்தோஷத்தில் அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை.

“நேரா போனா அவங்க இருக்காங்க. என்ன பண்ணலாம்?” என்றார்.

“அவங்களுக்குக் கண்ணு கட்டியிருக்குல்ல?” என்றாள் மனைவி. “அந்தத் தாமரை இருக்கிற பக்கமா ஒரு சுத்து சுத்திட்டு வாங்க.”

“எனக்கு ஆட்சேபணை இல்ல. வட்டத்துக்குள்ள இருக்கிறவங்க எங்கயும் போகமாட்டாங்க” என்றார் டீச்சர், தண்ணீரில் கையை அளையவிட்டபடி.

“யாராவது வர்றீங்களா?” என்று இயக்குநரின் குரல் ஏரி மேல் மிதந்து வந்தது.

“வந்துக்கிட்டே இருக்கோம் மேடம்!” என்று எதிர்த்திசையில் போய்க்கொண்டே பட்டாளத்தார் குரல் கொடுத்தார்.

ஏரியை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றினார்கள். மனைவி தாமரை பறித்தாள். கடைசியில் அவரைப் பார்த்து, “வாளித் தண்ணிதான் தூக்கத் தெரியாது போலிருக்கு” என்றாள். அவளிடமிருந்து இதற்கு மேல் ஒரு விருதை அவர் எதிர்பார்க்கவும் இல்லை.

அதன் பிறகு சாவகாசமாகப் போய், சமவாய்ப்புப் படகைக் கயிறு போட்டு இழுத்துக்கொண்டு கரை சேர்த்தார். முடிச்சுகளை அவிழ்த்தார். பஞ்சு எடுக்கப்பட்டது. விசில் ஊதப்பட்டது.

நிறைவு விழா கண்ணீரில் மிதந்தது. 'ஒரு நாள் மாற்றுத்திறனாளி – முதல் வகுப்பில் தேர்ச்சி' என்ற சான்றிதழ்களை அலுவலர்கள் ஒருவருக்கொருவர் வழங்கிக்கொண்டார்கள். இயக்குநர் அம்மையார், இன்னும் டீச்சரின் நாற்காலியிலேயே உட்கார்ந்தபடி, ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“இன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது. எதிர்ல தண்ணி இருக்கு. கையில துடுப்பு இருக்கு. உடம்புல தெம்பு இருக்கு. ஆனா கண்ணைக் கட்டி, கையைக் கட்டி, இருந்த இடத்துலயே சுத்தவிடறாங்க. கரையில ஒருத்தர் நாம கத்தறது எதுவும் காதுல விழாம சிரிச்சுக்கிட்டு நிக்கறார். அவர் விசில் அடிச்சாத்தான் நமக்கு விடுதலை. ஐயோ, ஊனம்னா இவ்வளவு கொடுமையா!”

பந்தல் அதிரக் கைதட்டல். பட்டாளத்தார் எழுந்து நின்றார். வழக்கம்போல 'உத்தரவு மேடம்' என்பார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

“மன்னிக்கணும் மேடம். எனக்குக் கால் இல்ல. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். நீங்க சொன்னது அது இல்ல” என்றார் பட்டாளத்தார் பணிவோடு. “அதுக்குப் பேரு ஊனம் இல்லீங்க. அதுக்குப் பேரு 'அனைவருக்கும் ஆகாயம்'.”