இருபது டிகிரி சுண்டுவிரல்

ஸ்லைடு கிட்டார் வாசிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். ஸ்லைடு கிட்டார் வாசிக்கத் தொடங்கப்போகிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது இந்த இரண்டாவது வகையைப் பற்றி. பட்டாபிராமிலிருந்து சென்ட்ரல் போகும் காலை ரயிலில் ஏறிப் பாருங்கள். எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஒருவர் மட்டும் இடது கைச் சுண்டுவிரலை அந்தக் கம்பியின்மேல் மேலும் கீழும் வழுக்கவிட்டு, கண்ணைப் பாதி மூடி, பக்கத்தில் நிற்பவர் மெல்ல நகர்ந்துபோவதைக்கூடக் கவனிக்காமல் நிற்பார். அவர்தான். திருமுல்லைவாயல் வருவதற்குள் நீங்கள் கேட்காமலே தொடங்கிவிடுவார்.

"சார், ஸ்லைடு கிட்டார்னா இன்னான்னு தெரியுமா?"

தெரியாது என்றால் விளக்குவார். தெரியும் என்றால் நீங்கள் தப்பாகத் தெரிந்துவைத்திருப்பதை விளக்குவார். விரலில் ஒரு சின்னக் குழாயை மாட்டிக்கொண்டு, அதைக் கம்பிகள்மேல் வழுக்கி வாசிப்பது. அழுத்தவே கூடாது, தொட்டால் போதும். சரியாகத் தொட்டால் ஆள் பாடுகிற மாதிரி குரல் வரும். அத்தனையும் உண்மை. நீங்கள் எப்போது சார் வாசிக்க ஆரம்பித்தீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பட்டரவாக்கம் வந்துவிடும், இறங்கிவிடுவார்.

இந்த இனத்தில் நான் நெருங்கிப் பழகியவர் என் எதிர்வீட்டுக்காரர் கோகுல்நாத். அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், செய்த சாமான் சரியான அளவில் இருக்கிறதா என்று சோதிக்கும் வேலை. தலைமுடியைவிடச் சின்ன வித்தியாசத்துக்கெல்லாம் ஒரு தட்டு நிறைய உருப்படிகளைத் திருப்பி அனுப்பிவிடுகிற மனிதர். அவருடைய மாலைப் பயிற்சியைக் கேளுங்கள். கை கால் கழுவுவார். கிட்டாரை உறையிலிருந்து எடுத்து மஞ்சள் துணியால் துடைப்பார். கம்பிகளை 'டி'யில் சுருதி கூட்டுவார். பிறகு கைப்பேசி வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் 'ஜி'தான் நல்லது என்பார். உடனே முறுக்கி 'ஜி'க்குக் கொண்டுபோவார். அங்கேயும் மனசு கேட்காமல் இன்னும் ஒரு முறுக்கு முறுக்க, கம்பி அறுந்துவிடும். கிட்டாரை மறுபடி துடைத்து உறையில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்காருவார். பாட்டு? அது சுருதி சரியானதும் வரும் சார்.

குழாய்களின் கதை தனி. முதலில் இருமல் மருந்து பாட்டிலின் கழுத்தை அறுத்து ஒன்று. கண்ணாடி ரொம்ப மென்மை என்று ஸ்டீலில் ஒன்று. ஸ்டீல் கூச்சல் போடுகிறது என்று பித்தளையில் ஒன்று, கனம் போதவில்லை என்று இன்னொன்று. எல்லாம் பூந்தமல்லியில் லேத்து பட்டறை வைத்திருக்கும் அவர் நண்பர் முஸ்தகீம் கடைந்து கொடுத்தவை.

"மாமே, நீ வாசிக்கிறியோ இல்லியோ, என் லேத்து நல்லா வாசிக்குது" என்பார் முஸ்தகீம்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். கோகுல்நாத்தின் மனைவி யுவராணிக்குத்தான் பொறுமை தீர்ந்தது. ஹாலில் கிட்டார் நிற்கிற மூலையில் அவர் தையல் மெஷினைப் போட நினைத்து வெகு நாளாகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் அவர்கள் வீட்டுக்குப் பேப்பர் இரவல் வாங்கப் போயிருந்தபோது, என்னைச் சாட்சியாக வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

"நம்ப கல்யாண நாளுக்கு ஒரே ஒரு பாட்டு. கல்யாண வீடியோல மொதல்ல வருமே, அந்தப் பாட்டு. சொந்தக்காரங்கல்லாம் வராங்க. வாசிச்சினா கிட்டாரு ஹால்லியே கெடக்கட்டும். இல்லன்னா லாஃப்டுல ஏத்திருவேன். அப்பறம் இந்த ஊட்ல கிட்டார்னு ஒரு பேச்சு வரக்கூடாது, சொல்ட்டேன்."

கோகுல்நாத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் விளையாட்டாகச் சொல்லவில்லை, அந்த மனிதருக்கு அந்தக் கிட்டார்மேல் உயிர். லாஃப்டில் ஏறியது எதுவும் அந்த வீட்டில் இறங்கியதில்லை.

வேறு யாராக இருந்தாலும் அன்றே பாட்டைப் பழக உட்கார்ந்திருப்பார்கள். நம்மவர் என்ன செய்தார்? இந்தப் பாட்டுக்கென்று ஒரு குழாய் செய்வதென்று முடிவெடுத்தார். அதற்கு விரலை அளக்க வேண்டும். வீட்டில் அளந்தால் அது அளவா? எதை அளந்தாலும் இருபது டிகிரியில்தான் அளக்க வேண்டும் என்பது அவர் தொழில் தர்மம். கம்பெனியில் அதற்கென்றே ஏசி போட்ட அளவறை உண்டு. சாமானைச் சூட்டோடு அளந்தால் தப்பாகக் காட்டும் என்பதால், உள்ளே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் ஆறவிட்டுத்தான் அளப்பார்கள். அவரும் அந்தக் குளிர்ந்த மேசைமேல் சுண்டுவிரலை நீட்டி ஆறவிட்டு, விறைத்து ஒடுங்கிய பிறகு அளந்து, வரைபடம் போட்டு முஸ்தகீமிடம் கொடுத்தார்.

"வெரலுக்கு டிராயிங் போட்டுகினு வந்த மொத ஆளு நீதான் மச்சான்" என்றார் முஸ்தகீம். சொன்ன அளவில் பித்தளையில் கடைந்தும் கொடுத்தார். பாவம், கேட்டதைச் செய்தவர்.

கல்யாண நாள் வந்தது. வைகாசி வெயில். ஆவடியிலிருந்தும் பருத்திப்பட்டிலிருந்தும் வந்த சொந்தங்கள் ஹால் நிறைய உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்கள். கோகுல்நாத் காலையிலேயே, விரல் கொஞ்சம் குளிர்ந்திருந்தபோது, குழாயை மாட்டிவிட்டார். விரலுக்குப் பழக வேண்டுமாம். சாப்பாடு முடிந்து கிட்டாரை மடியில் வைத்ததும் வழக்கமான பல்லவி தொடங்கியது.

"இன்னிக்கி காத்துல ஈரம் ஜாஸ்தி. பித்தளை சரிப்படாது. ஸ்டீல மாட்டிகினு வந்துடறேன், ஒரு நிமிஷம்…"

இழுத்தார். வரவில்லை. திருகினார். வரவே இல்லை. இருபது டிகிரியில் ஒடுங்கியிருந்த விரல் வைகாசியில் தன் சொந்த அளவுக்கு ஊதிக்கொண்டிருந்தது.

அப்புறம் கேட்க வேண்டுமா? மாமியார் சாமுண்டீஸ்வரி "வெளக்கெண்ண தடவு மாப்ளே, வழுக்கிக்கினு வந்துரும்" என்று கிண்ணத்தோடு வந்தார். ஒருவர் சோப்பு என்றார், ஒருவர் ஐஸ் என்றார், நானும் என் பங்குக்கு நூல் சுற்றி இழுக்கலாம் என்றேன். விரல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு மினுமினுத்தது. கடைசியில் விருந்துக்கு வந்திருந்த முஸ்தகீம் எழுந்தார்.

"வண்டில பிளேடு கீது. அறுத்துரலாமா மாமே?"

அப்போது கோகுல்நாத்தின் முகத்தைப் பார்த்தேன். வலியைவிட நிம்மதிதான் அதிகம் தெரிந்தது. அறுத்தால் ரத்தம் வரலாம், கட்டுப் போடலாம், கச்சேரி ரத்து. அடிபட்ட கை என்று இரக்கப்பட்டு, கிட்டாரையும் ஒருவேளை லாஃப்டில் ஏற்றமாட்டார்கள்.

யுவராணி கரண்டியோடு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"அறுக்கறது அப்பறம். அதான் வெரல்லியே கீதே. மொதல்ல வாசி."

குழாயை மாற்ற முடியாது. கழற்ற முடியாது. வாங்க வேண்டிய சாமான் எதுவும் பாக்கியில்லை. மனிதர் வாழ்க்கையில் முதல்முறையாக வாசிப்பதைத் தவிர வேறு வழியில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

முதலில் கடை ஷட்டரை இழுத்து மூடுகிற சத்தம் வந்தது. யாரோ சிரித்தார்கள். மறுபடி வைத்தார். விரல் வலித்ததால் அழுத்த முடியவில்லை. அழுத்த முடியாததால் குழாய் கம்பியைத் தொட மட்டும் செய்தது. ரயிலில் ஊருக்கெல்லாம் சொன்ன பாடத்தை அவருடைய கை அப்போதுதான் கேட்டது. ஒரு ஸ்வரம் எழுந்தது. அடுத்தது கொஞ்சம் தள்ளி விழுந்தது, வழுக்கிக்கொண்டு வந்து இடத்தில் நின்றது. முதல் வரி முடிவதற்குள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அந்தப் பாட்டேதான். சுமாராகத்தான் இருந்தது, ஆனால் நான் விசிறுவதை நிறுத்திவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். யுவராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"வருதே. இத்தினி நாளு இன்னாய்யா பண்ணிகினு இருந்த?"

அவர் விரலை முஸ்தகீமிடம் நீட்டினார்.

குழாயை முஸ்தகீம் பக்குவமாக அறுத்தெடுத்தார். கிட்டார் ஹாலிலேயே நிற்கிறது, தையல் மெஷின் படுக்கையறைக்குப் போய்விட்டது. இப்போது தினமும் வாசிக்கிறாரா என்றுதானே கேட்கிறீர்கள்? எங்கே. அன்றைக்கு அவ்வளவு நன்றாக வந்ததற்குக் காரணம் அந்தக் குழாய்தானாம். அதே மாதிரி, ஆனால் கழற்ற வருகிற அளவில் இன்னொன்று கடைய, மொட்டை மாடி வெயிலில் விரலைக் காயவைத்து அளந்துகொண்டிருக்கிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அப்படியே உங்கள் ஹால் மூலையையும் ஒரு பார்வை பாருங்கள்: துணி காய்கிற நடைப்பயிற்சி மெஷின், முதல் பாடத்தோடு நின்ற இந்திப் புத்தகம், உறை பிரிக்காத வர்ணப் பெட்டி. யுவராணியின் கேள்வியை உங்கள் வீட்டிலும் ஒருவர் கேட்காமல் அடக்கிவைத்திருக்கலாம். இதைப் படித்து முடித்துவிட்டு ஆரம்பிக்கலாம் என்றுதானே நினைத்தீர்கள்?

முடிந்துவிட்டது.